ராணுவப்பேட்டையிலிருந்து ஒரு பிறந்தநாள் பார்சல்

வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கிறது கம்மவான்பேட்டை. பதிவேட்டில்தான் அந்தப் பெயர். ‘ராணுவப்பேட்டை எங்கே?’ என்று கேட்டால்தான் சுற்றுவட்டாரத்தில் யோசிக்காமல் கை காட்டுவார்கள். ஏறக்குறைய வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார். இல்லையென்றால் இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாக உடுப்பு மாட்டிய குடும்பங்களும் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய வழக்கம் என்பார்கள் பெரியவர்கள்.

விடிவதற்கு முன்பே இங்கே இளவட்டங்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். ஆள்சேர்ப்பு முகாமில் 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்தால்தான் முழு மதிப்பெண். அதற்காகப் பள்ளிக்கூடப் பையன்கள்கூடச் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடுவார்கள். திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கும் ஓய்வுபெற்ற சுபேதார்கள், “முட்டியைத் தூக்கு, முட்டியைத் தூக்குடா!” என்று சும்மா இருக்காமல் குரல் கொடுப்பார்கள்.

ராணுவ ஊர் என்றால் எல்லோரும் எழுதுவது இந்த ஆண்களைப் பற்றித்தான். ஆனால் வருடத்தில் முக்கால்வாசி நாள் இந்த ஊரை நடத்துவது பெண்கள். ஒரு சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. அதையும் ஒரேயடியாகக் கொடுக்க மாட்டார்கள். அந்த 90 நாளுக்குள் கூரை மாற்றுவது, காதுகுத்து, பத்திரப் பதிவு, மாமனார் வீட்டு விசேஷம் எல்லாம் முடிந்தாக வேண்டும். பிறந்தநாள் மட்டும் யாருக்காகவும் விடுப்பு வரும் நாளைப் பார்த்து வருவதில்லை. கல்யாணமாகி ஏழெட்டு வருடமாகியும் கணவருடைய பிறந்தநாளை ஒருமுறைகூடச் சேர்ந்து கொண்டாடாத மனைவிகள் இந்தத் தெருக்களில் ஏராளம்.

முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லை இல்லை. பிறந்தநாள் என்று தனியாக ஒன்றைக் கொண்டாடும் பழக்கமே அப்போது கிடையாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் உத்தேசமாகப் போட்ட ஒரு தேதிதான் பலருக்கு ராணுவப் பதிவேட்டிலும் ஏறியது. பெண்டாட்டிகள் ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரி முருகன் கோயில் விபூதியைக் காகிதத்தில் மடித்துக் கவரில் வைத்து அனுப்புவார்கள். அங்கிருந்து ‘ஃபோர்சஸ் லெட்டர்’ எனும் தபால்தலை ஒட்டத் தேவையில்லாத கடிதம் வரும். மாதம் ஒரு மணியார்டர். அவ்வளவுதான் பரிமாற்றம்.

இப்போது நிலைமை வேறு. சிக்னல் கிடைக்கிற இடமாக இருந்தால் வீடியோவில் முகம் பார்க்கலாம். இரவு பன்னிரண்டு மணிக்கு ஸ்டேட்டஸ் வைக்கலாம். அதனாலேயே, கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒன்றை அனுப்ப வேண்டும் என்ற ஆசையும் கூடியிருக்கிறது. சின்ன வயது மருமகள்கள் இரண்டு மாதம் முன்பே யோசிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன வாங்குவது என்று கேட்டால் அந்தப் பக்கத்திலிருந்து வருகிற பதில் எப்போதும் ஒன்றுதான்: “எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க நல்லா இருங்க.” இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் வாங்க முடியாது!

பெட்டிக்குள் கிடந்த வாட்ச்

அப்படி ஒரு மருமகள். வயது முப்பது. கணவர் நாயக், பணியில் சேர்ந்து பதினான்காவது வருடம் நடக்கிறது. இப்போது லடாக் பக்கம். பக்கம் என்றுதான் சொல்ல முடியும். சரியாக எந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது, அவரும் சொல்ல மாட்டார். பிறந்தநாள் டிசம்பர் இரண்டாவது வாரம்.

போன வருடம் அவள் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினாள். விலை 4,500 ரூபாய். மாதத் தவணை போட்டு வாங்கி, விடுப்பு முடிந்து ஊருக்குத் திரும்பிய கணவரின் பக்கத்து ஊர்த் தோழர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். “சூப்பரா இருக்குமா” என்று போனில் சொன்னார் கணவர். இந்த வருடம் விடுப்பில் வந்தபோது, பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியை அவள் ஒழித்துத் துடைத்தாள். அடியில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது வாட்ச்.

அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. உடற்பயிற்சியைக் கணக்கெடுக்கும் இந்த மாதிரிக் கருவிகள் போகிற வழியையெல்லாம் பதிவு செய்கின்றன. 2018 ஜனவரியில், ‘ஸ்ட்ராவா’ என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், பாலைவனத்தின் நடுவே ராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் பளிச்சென்று தெரிந்தன. முகாமைச் சுற்றி வீரர்கள் ஓடிய தடம்தான் காட்டிக்கொடுத்தது. 2020 ஜூலையில் இந்திய ராணுவம் 89 செயலிகளைப் போனிலிருந்து நீக்கச் சொல்லி வீரர்களுக்கு உத்தரவு போட்டது. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அந்தப் பட்டியலில் உண்டு. அப்படியிருக்க, எல்லையில் காவல் நிற்கிறவர் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் வாட்ச்சை எப்படிக் கட்டிக்கொள்வார்? போதாக்குறைக்குக் கடுங்குளிரில் பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

விஷயம் புரிந்தபோது அவளுக்குக் கோபம் வாட்ச்மேல் வரவில்லை. ஒரு வருடமாகத் தான் சந்தோஷப்படட்டும் என்று அவர் பொய் சொல்லியிருக்கிறாரே, அதுதான் உறுத்தியது. தவணையும் அப்போதுதான் முடிந்திருந்தது. இந்த வருடம் அவர் பொய் சொல்லத் தேவையில்லாத ஒரு பொருளாக அனுப்ப வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

முதலில் நினைத்தது மோதிரம். மாமியார் உடனே தடுத்தார்.

“மோதிரம் போட்டா கழட்டிதாம்மா வைக்கணும். அவ்ளோ உயரத்துல வெரலெல்லாம் வீங்கும். குளிர்ல ரத்தம் ஓடாம போச்சுன்னா அந்த வெரலையே எடுக்கணும். உங்க மாமா சொல்வாரு.”

மாமியாரும் பட்டாளத்துக்காரர் மனைவிதான். இருபது வருடம் இப்படியே கழித்தவர். ஸ்வெட்டர் என்ற யோசனையும் அவரிடம் எடுபடவில்லை. பனிமலைக்குப் போகிறவர்களுக்குத் தேவையான உடுப்பு, காலணி, கண்ணாடி எல்லாம் ராணுவமே தருகிறது. நாம் பஜாரில் வாங்கும் ஸ்வெட்டர் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. டிரங்குப் பெட்டியில் இடத்தைத்தான் அடைக்கும். சென்ட் பாட்டில் தீப்பற்றும் திரவம் என்பதால் தபாலில் எடுக்க மாட்டார்கள். பவர் பேங்க்கும் அப்படித்தான். கேக்கை நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஊர் பெயர் இல்லாத முகவரி

ராணுவ வீரருக்குப் பார்சல் அனுப்புவதில் புதிதாக வருகிறவர்களுக்கு ஆச்சரியமாக இருப்பது அந்த முகவரி. அதில் ஊர் கிடையாது, தெரு கிடையாது, மாநிலமும் கிடையாது. வீரரின் எண், பதவி, பெயர், யூனிட், அப்புறம் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ என்று ஒரு வரி. மேற்கு, வடக்குப் பகுதிகளுக்கு 56. வடகிழக்குப் பக்கம் என்றால் 99. கடைசியாக 9-ல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு. நம் நாட்டுப் பின்கோடுகளில் 1 முதல் 8 வரை ஊர்களுக்கு. 9 ராணுவத் தபாலுக்கு என்று ஒதுக்கியது.

56-க்குப் போக வேண்டியவை டெல்லியில் இருக்கும் ராணுவத்தின் மையத் தபால் நிலையத்துக்கும், 99-க்குப் போக வேண்டியவை கொல்கத்தாவில் இருப்பதற்கும் போய்ச் சேரும். யூனிட் எங்கே இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். யூனிட் இடம் மாறினாலும் வீட்டிலிருந்து எழுதுகிற முகவரி மாறுவதில்லை. எதிரிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. ஆனால் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டைக் கவனிக்கும் ராணுவத் தபால் சேவை 1972 மார்ச் 1 முதல் தனிப் படைப்பிரிவாகவே இயங்குகிறது.

இதனால் பெரும்பாலான தனியார் கூரியர்கள் இந்த முகவரியைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார்கள். அரசுத் தபால்தான் கதி. அதுவும் டிசம்பர் பிறந்தநாளுக்கு நவம்பர் தொடக்கத்திலேயே அனுப்பிவிட வேண்டும். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் 11,500 அடி உயரத்தில் இருக்கிற சோஜி லா கணவாய் பனிக்காலத்தில் மூடிவிடும். மணாலி வழியில் 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை ரோதங் கணவாயைச் சுற்றிப் போகாமல் காப்பாற்றுகிறது. ஆனால் அதற்கு அப்பாலும் உயரமான கணவாய்கள் இருக்கின்றனவே! சாலை மூடிவிட்டால் விமானம்தான். மேகம் இறங்கினால் அதுவும் இல்லை.

மணிக்கூண்டின் கீழே

ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை. மாமியாரும் மருமகளும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுமாக வேலூருக்குப் பஸ் ஏறினார்கள். கையில் 2,000 ரூபாய். இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்பது மருமகள் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கணக்கு.

வேலூரைப் பட்டாள ஊர் என்று சொல்ல ஒரு கம்மவான்பேட்டை மட்டும் காரணமில்லை. ஊரின் ரயில் நிலையத்துக்கே ‘வேலூர் கன்டோன்மென்ட்’ என்றுதான் பெயர். கடைவீதி ஒன்றின் பெயர் ‘ஆபீசர்ஸ் லைன்’. அகழியில் தண்ணீரோடு நிற்கும் கருங்கல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும், மசூதியும், மாதா கோயிலும் இருக்கின்றன. 1806 ஜூலை 10 அதிகாலையில் இந்தக் கோட்டையில்தான் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். மூல காரணங்களில் ஒன்று, உடுப்பு. தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டச் சொன்னார்கள். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, கடுக்கன் கூடாது என்றார்கள். சிப்பாய்க்கு என்ன கொடுக்கிறோம், அது அவன் உடம்புக்கும் மனசுக்கும் ஏற்றதா என்று யோசிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்!

லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. காய்கறி மூட்டைகளுக்கும் ஷேர் ஆட்டோக்களுக்கும் நடுவே நிற்பதால் நிமிர்ந்து பார்ப்பவர்கள் குறைவு. அதில் பதித்திருக்கும் கல்வெட்டு ஆங்கிலத்தில் சொல்வது இதுதான்: இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள்; அவர்களில் 14 பேர் உயிரை விட்டார்கள். அந்த 277 பேருக்கு வீட்டிலிருந்து யார் என்ன அனுப்பினார்கள், அது போய்ச் சேர்ந்ததா என்று எந்தக் கல்லிலும் எழுதவில்லை.

மூவரும் முதலில் ஏறி இறங்கியது துணிக்கடைகள். சட்டை வாங்கலாம் என்றால் அதை அவர் எப்போது போடுவார்? விடுப்பில் வரும்போதுதான். அப்படியென்றால் விடுப்பில் வரும்போது இங்கேயே வாங்கிக் கொடுத்துவிடலாமே! மருத்துவமனை இருக்கும் பக்கத்துத் தெருக்களில் பெயர்ப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் தொங்குகின்றன. 1900-ல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சி.எம்.சி.க்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காகக் கடைக்காரர்கள் அந்த மொழிகளைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பரிசுப் பொருள் கடையில் இதய வடிவத் தலையணையும், போட்டோ அச்சடித்த பீங்கான் குவளையும் எடுத்துக் காட்டினார்கள். குவளை கொஞ்ச நேரம் மருமகளின் கையிலேயே இருந்தது. குடும்பப் போட்டோவை அதில் அச்சிட்டுத் தருவார்களாம். 350 ரூபாய்.

“உடைஞ்சு போகும்மா,” என்றார் மாமியார். “போட்டோ உடைஞ்சு வந்துச்சுன்னா அவன் மனசு இன்னா ஆவும்?”

குவளையைத் திருப்பி வைத்துவிட்டாள்.

பத்துப் பேருக்கு ஒரு டப்பா

தின்பண்டம் என்றால் மாமியாருக்கு அத்துப்படி. அவர் சொல்லும் முதல் விதி, ஒருத்தருக்காக அனுப்பக் கூடாது. ஒரு செக்ஷனில் பத்துப் பேர் இருப்பார்கள். வீட்டிலிருந்து யாருக்குப் பார்சல் வந்தாலும் அது பத்துப் பேருக்கும் பார்சல்தான். தமிழர், மலையாளி, ஆந்திரக்காரர், கன்னடக்காரர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஆளுக்கு ஒன்று வராத அளவில் அனுப்பினால் பிரித்தவருக்குத்தான் சங்கடம்.

ஆற்காடு மக்கன் பேடா அவருக்கு உயிர். ஆனால் பாகில் ஊறிய பேடா டெல்லி தாண்டாது. ஆம்பூர் பிரியாணியைப் பற்றிப் பேசவே கூடாது. அதை நினைவூட்டுவதே பாவம். ஊறுகாய் எண்ணெய் கசிந்து மற்றவர்கள் தபாலையும் கெடுத்துவிடும். கடைசியில் மாமியார் தேர்ந்தெடுத்தது பொருவிளங்காய் உருண்டை. வறுத்த அரிசி, பயறு, வேர்க்கடலை, வெல்லப்பாகு, சுக்கு. ஒரு மாதம் ஆனாலும் கெடாது. பல்லால் கடித்து உடைப்பதுதான் வீரம். பனிமலையில் முட்டையும் ஆரஞ்சும் கல்லாக உறைந்துபோவதை ராணுவ வீரர்கள் எடுத்த வீடியோக்களில் பார்த்திருக்கிறோம். சுத்தியல் கொண்டு அடித்தாலும் முட்டை உடைவதில்லை. பொருவிளங்காய் பிறந்ததிலிருந்தே கல்தான். அதற்குக் குளிர் என்ன செய்துவிடும்!

இன்னொரு சமாச்சாரம், கத்திரிக்காய். இந்தப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலும் தொப்பியிலும் முள்ளோடு, உருண்டையாக, வெந்தால் வெண்ணெயாக இருக்கும். கணவர் போனில் சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் இதில்தான் வந்து முடிப்பார். பச்சையாக அனுப்ப முடியாது, வற்றலாக அனுப்பலாமே! அது மருமகளின் யோசனை. ஐப்பசி மழையில் வெயிலுக்கு எங்கே போவது? நல்லவேளையாகச் சித்திரையில் மாமியார் உப்புப் போட்டு வேகவைத்துக் காயவைத்த வற்றல் பானையில் இருந்தது. பட்டாளத்தில் சமையல்கூடத்தை லங்கர் என்பார்கள். அங்கே ஒரு தமிழ்ச் சமையல்காரர் இருந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு வற்றல் குழம்பு நிச்சயம்.

ஆக, பத்துப் பேருக்கானது முடிந்தது. அவருக்கு மட்டும் என்று ஒன்று வேண்டுமே?

அதைக் கண்டுபிடித்தது நேதாஜி மார்க்கெட் பக்கத்தில் ஒரு பழைய ஜவுளிக்கடையில். குடியாத்தம் கைலி. வேலூருக்கு மேற்கே இருக்கும் குடியாத்தம், தீப்பெட்டிக்கும் கைத்தறிக் கைலிக்கும் பேர்போன ஊர். நீலத்தில் சின்னக் கட்டம் போட்ட ஒன்றை மருமகள் எடுத்தாள். டியூட்டி முடிந்து முகாமுக்குள் வந்து, கனமான உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு, புகாரி அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளிக்குள் புகும்போது, தமிழ்நாட்டு ஆள் தேடுவது ஒரு கைலியைத்தான். மடித்தால் கையளவு. உடையாது, கசியாது, சார்ஜ் போட வேண்டாம். விலை 420 ரூபாய்.

புதுக் கைலியைக் கடைக்காரர் அட்டை வைத்து, பளபளவென்று பாலிதீன் உறையில் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாமியார் அதைப் பிரித்து வாளியில் ஊற வைத்துவிட்டார். மருமகளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“இன்னா அத்தை, கிஃப்டாச்சே!”

“புதுசு கஞ்சி போட்டு மொடமொடன்னு இருக்கும், தொடையை அறுக்கும். நாலு தடவை தொவைச்சு, நம்ம கொடியில காயப் போட்டு அனுப்பு. பிரிச்சதும் நம்ம வீட்டு சோப்பு வாசனை வரட்டும். உங்க மாமாவுக்கு நான் அப்டித்தான் அனுப்புவேன். அவர்கிட்ட இத்த சொல்லாதே.”

மழை விட்ட நேரம் பார்த்து நான்கு நாள் அந்தக் கைலி கொடிக்கு ஏறி இறங்கியது.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் இன்னொரு பார்சலும் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தப் பையன் அக்னிவீரர். 2022-ல் வந்த திட்டத்தில் நான்கு வருடப் பணி; சேரும்போது திருமணமாகாதவராக இருக்க வேண்டும்; நால்வரில் ஒருவர் வரைதான் நிரந்தரம் ஆவார். அவனுக்கென்று பேசி வைத்திருக்கும் முறைப்பெண், தன் பெயரில் அனுப்பக் கூச்சப்பட்டு, அவனுடைய அம்மா பெயரில் ஒரு பார்சல் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே உதட்டில் தடவும் பாம், வெடிப்புக்கு வாசலின், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. எல்லாம் உருப்படியான பொருள்கள். உயரமான இடங்களில் காற்று வறண்டு உதடும் விரல் நுனியும் வெடித்துவிடும். அனுப்புநர் பெயரில் அம்மா இருந்தாலும் உள்ளே இருக்கும் கையெழுத்தைப் பார்த்தால் பையனுக்குத் தெரியாதா என்ன!

தீப்பெட்டியில் ஒரு பல்

பெட்டியை ஒட்டாமல் கொண்டு வரச் சொல்வார்கள் தபால் நிலையத்தில். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். ராணுவப்பேட்டைப் பெண்களுக்கு இது தெரியும் என்பதால் பெரும்பாலும் தகராறு வருவதில்லை. ஆனால் அன்று வந்தது.

கவுன்ட்டரில் இருந்தவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். உருண்டை, சரி. வற்றல், சரி. கைலி, சரி. ஒரு கவர், அதில் கடிதம். கைலி மடிப்புக்குள் கையை விட்டவர் ஒரு தீப்பெட்டியை எடுத்தார்.

“தீப்பெட்டியெல்லாம் போடக் கூடாதும்மா. ஃபிளைட்ல போற தபால்.”

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மகள்தான் எட்டிப் பார்த்து, “அதுல குச்சி இல்ல அங்கிள், என் பல்லு இருக்கு” என்றாள்.

முதல் வாரத்தில் விழுந்த முதல் பால்பல். பாட்டி சாணி உருண்டையில் வைத்துக் கூரைமேல் எறியச் சொல்லியிருந்தார். அப்பா பார்க்கட்டும் என்று அவள் யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்துவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கவுன்ட்டர்க்காரர் மட்டும் சிரிக்காமல், குச்சியே இல்லையென்றாலும் தீப்பெட்டி படம் போட்ட பெட்டி போகாது என்று சொல்லிவிட்டார். சோதனையில் யாராவது பார்த்தால் பார்சல் மொத்தமும் நின்றுவிடுமாம். நியாயம்தான். பாட்டியின் சுருக்குப்பையில் தீர்ந்துபோன தைல டப்பா ஒன்று இருந்தது. அதைத் துடைத்து, பல்லை இடம் மாற்றி, மூடி போட்டு உள்ளே வைத்தார்கள். தைல வாசனையோடு அந்தப் பல் லடாக் புறப்பட்டது.

அந்தக் கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவருக்கு அடுத்த வருடம் பதினைந்து வருடம் முடிகிறது. அதன்பிறகு பென்ஷனோடு விலகிக்கொள்ளலாம். தொடர்ந்தால் ஹவில்தார் பட்டை கிடைக்கும், சம்பளம் கூடும், இன்னும் பல வருடம் இதே போல ஓடும். “உன் இஷ்டம் என்ன?” என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசும்போது அவர் பக்கத்தில் எப்போதும் நான்கு பேர். இவள் பக்கத்தில் மாமியார், மகள். எதைச் சொன்னாலும் அரைகுறையாகவே போனது. “நீங்க எது சொன்னாலும் சரிங்க” என்று இவளும் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாட்ச் சூப்பராக இருக்கிறது என்று அவர் சொன்னதற்கு இது சளைத்ததல்ல. இரண்டு பக்கத்தில் உண்மையை எழுதி, கைலி மடிப்பின் நடுவில் வைத்திருந்தாள். என்ன எழுதினாள் என்று மாமியார் கேட்கவில்லை. முகவரியை மட்டும் அவரே மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்த்தார்.

எல்லாம் சேர்த்து 2,000 ரூபாயில் இன்னும் அறுநூற்றுச் சொச்சம் மீதி இருந்தது. திரும்பும் வழியில் மகளுக்கு ஒரு ஜோடி மழைச் செருப்பு வாங்கினார்கள்.

காட்பாடிக்கு அப்பால்

இந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்காரர்கள் விடுப்பு முடிந்து கிளம்புவதும் காட்பாடி ஜங்ஷனிலிருந்துதான். கன்னியாகுமரியிலிருந்து ஜம்முப் பக்கம் போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை இந்த வழியாகப் போகும். ஏறி உட்கார்ந்தால் அந்தக் கோடி போய்ச் சேர மூன்று நாள் ஆகிவிடும். பிளாட்பாரத்தில் டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குடும்பங்களை எந்த வாரம் போனாலும் பார்க்கலாம். யாரும் சத்தம் போட்டு அழுவதில்லை. வண்டி நகர்ந்த பிறகு நேராகப் பாலத்தில் ஏறிப் பஸ் பிடிக்கப் போய்விடுவார்கள்.

பார்சலுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. ரசீதில் இருந்த எண்ணைப் போனில் தட்டித் தட்டி மருமகள் பின்தொடர்ந்தாள். வேலூர், சென்னை, டெல்லி. ஐந்தாம் நாள், ராணுவத் தபாலிடம் ஒப்படைத்தாயிற்று என்று காட்டியது. அதோடு சரி. அதற்குப் பிறகு அந்த எண்ணைத் தட்டினால் பழைய வரிதான் திரும்பத் திரும்ப வரும். எந்த விமானம், எந்த லாரி, எங்கே ஹெலிகாப்டர், எங்கே கோவேறு கழுதை என்பதெல்லாம் வெளியே சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. மாமியார் மட்டும், “மாலை போட்டு மலைக்குப் போனவங்க மாதிரிதாம்மா. எறங்கி வந்து சொன்னாத்தான் தெரியும்” என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறந்தநாளன்று போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஊரில் யாருக்குமே அந்த வாரம் லடாக் பக்கத்திலிருந்து போன் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் மருமகளுக்குச் சோறு இறங்கியது. பனிப்பொழிவு என்று டி.வி.யில் சொன்னார்கள்.

நான்காம் நாள் இரவு ஒன்பதரை மணிக்கு வந்தது. குரல் விட்டு விட்டுக் கேட்டது. உருண்டை அரை மணி நேரத்தில் காலி என்றார். கேரளாக்காரர் ஒருவருக்குக் கடைவாய்ப்பல் ஆடுகிறதாம். வற்றலை லங்கர் சமையல்காரரிடம் கொடுத்திருக்கிறார். பல்லைச் சட்டைப் பையில் வைத்திருப்பதாக மகளிடம் சொன்னார். அது தைலம் வாசனை அடிக்கிறதா என்று மகள் கேட்டாள், அடிக்கிறது என்றார்.

“கைலி?” என்று கேட்டாள் மருமகள்.

“கட்டினுதான் பேசறேன். பழைய கைலியை எதுக்கு அனுப்பினே?”

மாமியார் அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டார்.

“பழசு இல்லீங்க” என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “லெட்டர் பாத்தீங்களா?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம்தான் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

“படிச்சேன்” என்றார். “நானும் எழுதி அனுப்பறேன். தபால்லயே.”